எண்ணின் மேல் வைத்த ரேகைகள்

என் கையெழுத்தைப் பார்த்து யாரும் முகம் சுளிக்க வேண்டாம். ஐந்தாம் வகுப்போடு நின்றவன் நான். மண்வெட்டி பிடித்துக் காய்த்த விரலில் பேனா நிற்க மாட்டேன் என்கிறது. எங்கே சின்ன ர, எங்கே பெரிய ற என்பது இன்றைக்கும் எனக்குச் சந்தேகம்தான். மலர்க்கொடி திருத்திக்கொள்ளும் என்ற தைரியத்தில் எழுதுகிறேன்.

மலர்க்கொடி எங்கள் மண்வேலைத் தொழிலாளர் கூட்டுறவுச் சங்கத்தின் இப்போதைய செயலாளர். கல்லூரி வரை படித்த பெண். முழங்கால் தேய்ந்து நான் மேஸ்திரி வேலையை விட்டு ஒரு வருடம் ஆகிறது. போன மாதம் சங்கத்துப் பீரோவை ஒழித்தபோது பழைய டெண்டர் படிவம் ஒன்றின் இரண்டாம் பிரதி அதன் கையில் கிடைத்தது. விலை எழுதும் கட்டம் முழுக்க ஒரே நீலமாக இருந்தது.

"மாமா, இதுல மை கொட்டிருச்சா?"

"கொட்டலம்மா. நாங்க வெச்சது."

"விலை எழுதுற எடத்துலயா? இப்படிக் குடுத்தா எவன் வாங்குவான்?"

"வாங்கலைதான்."

அதற்கு மேல் எனக்கு வாயால் சொல்ல வரவில்லை. நாலு பேர் முன்னால் பேசுவது எனக்குச் சின்ன வயதிலிருந்தே ஆகாது. எழுதித் தருகிறேன் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

மண் வெட்டப் போனபோது எனக்குப் பதினைந்து வயது. முதல் வருடம் கூடை சுமந்தேன். அடுத்த இரண்டு வருடம் வாய்க்கால் கரையைச் சரிவாகச் செதுக்கப் பழகினேன். கூட்டல் கழித்தல் தெரியும் என்பதால் அளவு எழுதும் வேலை என்னிடம் வந்தது. அதிலிருந்து மேஸ்திரி ஆனேன். என் படிப்பெல்லாம் அவ்வளவுதான்.

படிவத்தில் ஏன் பெருவிரல் ரேகை என்று சொல்ல, அதற்கு முந்திய ஒன்றைச் சொல்ல வேண்டும். கோட்டையில் ஆட்சி மாறி, குத்தகை நிலத்தை உழுகிறவன் பெயரில் பதியச் சொல்லிச் சட்டம் வந்த சமயம். எங்கள் தெருவில் என் அப்பா உட்பட மூன்று பேர் குத்தகைக்கு உழுதார்கள். மிராசுதாரரின் காரியக்காரர் வீட்டுக்கே வந்தார். "சர்க்கார் பதிவுக்கு வேணும்ப்பா, அடியில ஒரு ரேகை வை" என்று வெள்ளைத் தாளை நீட்டினார். மூன்று பேரும் வைத்தார்கள். ஆறு மாதம் கழித்துத் தாசில்தார் அலுவலகத்தில் அந்தத் தாளைப் படித்துக் காட்டினார்கள். நிலத்தை மனம் ஒப்பித் திருப்பிக் கொடுத்துவிட்டதாக அதில் எழுதியிருந்தது. ரேகை அப்பாவுடையதுதான். இல்லை என்று எப்படிச் சொல்வது?

அன்று மாலை தெருக்கூட்டத்தில் ஆளுக்கு ஆள் கத்தினார்கள். இனிமேல் யாரும் எதிலும் ரேகை வைக்கக் கூடாது என்றார்கள். அப்போது அஞ்சலை அத்தை எழுந்தது. அத்தை நடவுக் கூட்டத்துக்குத் தலைவி. அதன் குரல் இரண்டு வயல் தாண்டிக் கேட்கும்.

"வெக்காம எப்புடிடா பொழைக்கிறது? ரேஷன் கார்டுக்கு வேணும், கூலி ஒப்பந்தத்துக்கு வேணும். அடியில வெச்சா மேல எழுதிக்கிறான். எழுதின எண்ணு மேலயே வெச்சுட்டா அவன் எங்க எழுதுவான்?"

அன்றிலிருந்து அதுதான் எங்கள் தெருவின் வழக்கம். தாளில் என்ன எண் இருக்கிறதோ, அதன் மேலேயே இடது பெருவிரல். ஒருவர் மட்டும் வைத்தால் அவரை மிரட்டுவார்கள் என்பதால் கூட்டத்தில் பொறுப்பாக இருக்கும் எல்லோரும் வைக்க வேண்டும். கையெழுத்துப் போடத் தெரிந்த நானும் ரேகைதான் வைப்பேன். கூலி ஒப்பந்தங்களில் நெல் அளவின் மேல் அப்படியே வைத்தோம். அதன்பின் அந்த அளவுகளை யாரும் மாற்றியதில்லை.

சில வருடம் கழித்துக் கூட்டுறவுச் சங்கம் ஆரம்பித்தோம். கான்டிராக்டர் இல்லாமல் நாங்களே நேராக அரசாங்க வேலை எடுப்பது நோக்கம். சின்னச் சின்ன மடை வேலைகள் கிடைத்தன. அந்தக் கோடையில்தான் முதல் தடவையாகப் பெரிய டெண்டர் ஒன்றுக்குப் போட்டி போட்டோம். மேலவாய்க்காலைத் தலைப்பிலிருந்து கடைமடை வரை தூர் வாரும் வேலை. எந்த மதகடியில் எவ்வளவு வண்டல் கிடக்கும் என்று எங்கள் காலுக்கே தெரிந்த வாய்க்கால் அது. பத்து கன மீட்டருக்கு இருபத்தெட்டு ரூபாய் என்று கணக்குப் பண்ணினோம். எண்ணால் ஒரு கட்டம், எழுத்தால் ஒரு கட்டம். இரண்டிலும் நான்தான் எழுதினேன். நிர்வாகக் குழுவில் ஒன்பது பேர். ஒன்பது பேரும் இரண்டு கட்டத்தின் மேலும் ரேகை வைத்தோம். கட்டம் தீப்பெட்டி அகலம்தான். நடுவில் என் மச்சான் ரத்தினத்தின் ரேகை. அவன் விரல் பெரிய விரல்.

வழக்கப்படி சரியாகச் செய்துவிட்டோம் என்று நிம்மதியாக அரக்கு வைத்து மூடிப் பெட்டியில் போட்டேன்.

மாலை மூன்று மணிக்குக் கோட்ட அலுவலகத்தில் உறைகளைப் பிரித்தார்கள். எந்த ஊர் அலுவலகம் என்று எழுத வேண்டாம் என நினைக்கிறேன். செயற்பொறியாளர் நடுவில் இருந்தார். எழுத்தர் ஒவ்வொரு உறையாகப் பிரித்து விலையை உரக்கப் படித்தார். முதல் உறை முப்பத்தாறு. இரண்டாவது உறை முப்பத்துநாலு, அது மிராசுதாரரின் மைத்துனர் போட்டது. மூன்றாவது எங்களுடையது. எழுத்தர் தாளை விரித்துவிட்டுத் தலையைச் சொறிந்தார்.

"என்னய்யா இது, நாவப்பழத்தை நசுக்கி வெச்ச மாதிரி?"

எல்லோரும் சிரித்தார்கள். செயற்பொறியாளர் தாளை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"விலையை அடிச்சு மை தடவிருக்காங்க. திருத்தின எடத்துல சுருக்கொப்பமும் இல்ல. தள்ளுபடின்னு எழுதுங்க. சங்கத்துக்காரர் யாரு? ஏதாவது சொல்றீங்களா?"

நான்தான் சங்கத்துக்காரன். எழுந்து நின்றேன். அடிக்கவில்லை, அது ரேகை என்று நாலு சொல் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. "ஒண்ணும் இல்லைங்க" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தேன். என் வாழ்க்கையில் நான் சொன்ன மோசமான சொல் அதுதான்.

வேலை முப்பத்துநாலுக்குப் போனது.

மறுநாள் அந்தக் கான்டிராக்டர் எங்கள் தெருமுனை டீக்கடையில் மோட்டார் சைக்கிளை நிறுத்தினார். இறங்கவில்லை.

"மாணிக்கம், வெளியூர் ஆளு எனக்கெதுக்கு? உங்க ஆளுங்களுக்கே வேலை தர்றேன். சங்கத்துல பேரை வெட்டிட்டு, தெருவுல நிக்கிற உங்க சங்கக் கொடியை எறக்கிட்டு வரச் சொல்லு. நூறு பேரானாலும் சரி."

அறுவடை முடிந்த கோடை அது. தண்ணீர் வந்து உழவு தொடங்கும்வரை எங்கள் தெருவில் ஒருவருக்கும் வேறு வேலை கிடையாது. அந்த வாரமே பதினோரு பேர் பெயரை வெட்டிக்கொண்டார்கள். அதில் ரத்தினமும் ஒருவன். அவன் வீட்டில் அக்கா, அதாவது என் கூடப் பிறந்தவள், பிள்ளை பெற்றுப் பத்து நாள் ஆகியிருந்தது. அவனைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. இன்னும் இரண்டு வாரம் போனால் மீதிப் பேரும் போய்விடுவார்கள், சங்கம் இருக்காது என்பது எனக்குத் தெரிந்தது.

இந்த இடத்தில் ஒருவருக்கு நன்றி சொல்ல வேண்டும். டெண்டருக்குக் கட்டியிருந்த முன்வைப்புத் தொகையைத் திரும்ப வாங்க அலுவலகம் போயிருந்தேன். தபால் பிரிவு எழுத்தர் ஒருவர், அதுவரை என்னோடு பேசியதே இல்லை, சைக்கிள் நிறுத்தும் இடத்துக்கு வந்து தன் சைக்கிள் பூட்டைத் திறக்கிறமாதிரி குனிந்துகொண்டே சொன்னார்.

"பணத்தை வாங்காதீங்க. வாங்கிட்டா ஒத்துக்கிட்டதா ஆயிரும். ஒப்பந்தம் இன்னும் கையெழுத்தாகலை. அதுக்குள்ள மேற்பார்வைப் பொறியாளருக்கு ஆட்சேப மனு போடுங்க. மூணு பிரதி. ஒண்ணுல தேதி முத்திரை போட்டு வாங்காம அங்கேருந்து நகராதீங்க."

நிமிர்ந்து பார்க்காமலே போய்விட்டார். அவர் பெயர்கூடத் தெரியாது.

அப்படி ஒரு மனு உண்டு என்பதே எங்களுக்குப் புதுச் செய்தி. தாலுகா ஆபீஸ் வாசலில் மனு எழுதுகிறவரிடம் அத்தையும் நானும் போனோம். அவர் கேட்டுவிட்டு மளமளவென்று எழுதிப் படித்தார். "படிப்பறிவற்ற ஏழைகளாகிய எங்கள் அறியாமையால் நேர்ந்த பிழையை ஐயா அவர்கள் மன்னித்து..."

"நிறுத்துங்க," என்றது அத்தை. "யாரு பிழை பண்ணது?"

"அம்மா, அதிகாரிக்கு எழுதறப்ப இப்படித்தான் எழுதணும். மனசு இளகும்."

"இளக வேணாம். பிழைன்னு நாமளே எழுதிக் குடுத்துட்டு அப்புறம் என்னத்த ஆட்சேபம்? மாணிக்கம், நீயே எழுதுடா. வாய்தான் இல்ல, கை இருக்குல்ல?"

வீட்டுக்கு வந்து நானே எழுதினேன். நான்கு தாள் கிழித்தேன். ஐந்தாவது தாளில் வந்தது இவ்வளவுதான்: நாங்கள் விலையைத் திருத்தவில்லை. எண்ணின் மேல் ரேகை வைத்தது எண்ணை மறைப்பதற்கு அல்ல, பிறகு யாரும் அதை மாற்றாமல் காப்பதற்கு. எங்கள் விலை இருபத்தெட்டு. தாளை வெளிச்சத்தில் பார்த்தால் தெரியும். பார்த்துவிட்டுச் சொல்ல வேண்டும்.

மேலதிகாரி அலுவலகத்தில் மனுவை வாங்க மாட்டேன் என்றார்கள். ஐயா கேம்ப் போயிருக்கிறார், நாளைக்கு வா என்றார்கள். அத்தை வாசலிலேயே முந்தானையை விரித்து உட்கார்ந்து வெற்றிலை மடிக்க ஆரம்பித்தது. "நாளைக்கு இங்கேருந்தே எந்திரிச்சு வர்றேன், பஸ் காசு மிச்சம்" என்றது. பதினைந்து நிமிடத்தில் முத்திரை விழுந்தது. நாலாம் நாள் கடிதம் வந்தது. மனு முடியும்வரை ஒப்பந்தம் கையெழுத்தாகக் கூடாது, வியாழக்கிழமை பதினோரு மணிக்கு எல்லாத் தரப்பும் வர வேண்டும்.

அந்த மேற்பார்வைப் பொறியாளரைப் பற்றிக் கொஞ்சம் விரிவாக எழுத ஆசைப்படுகிறேன். ஒல்லியான மனிதர். மேசையில் சீவிய பென்சில்கள் ஒரே திசை பார்த்துக் கிடந்தன. நாங்கள் உள்ளே போனதும் அவர் நாற்காலியை விட்டு எழுந்தார். எதற்கு எழுந்தார் என்று புரியாமல் நாங்கள் கதவோரம் நின்றோம்.

"உட்காருங்க," என்றார்.

அதிகாரி முன்னால் நாங்கள் உட்கார்ந்ததே கிடையாது. நின்றோம். அவர் மறுபடி சொல்லவில்லை. அவரும் நின்றுகொண்டே கோப்பைத் திறந்தார். செயற்பொறியாளரும் கான்டிராக்டரும் அதுவரை உட்கார்ந்திருந்தவர்கள், இதைப் பார்த்து எழுந்துவிட்டார்கள். அறையில் ஐந்து பேரும் நிற்கிறோம். அத்தைதான் முதலில், "உட்காருடா, பெரியவங்க கால் வலிக்கும்" என்று என்னை இழுத்து உட்கார வைத்தது. அதன் பிறகே அவர் உட்கார்ந்தார்.

கான்டிராக்டர் முந்திக்கொண்டார். "சார், இவங்க இன்னைக்கு இருபத்தெட்டும்பாங்க. பில்லு போடறப்ப முப்பத்தெட்டும்பாங்க. மை தடவினதே அதுக்குத்தான்."

"நீங்க சொல்லுங்க," என்று ஐயா என்னைப் பார்த்தார். எனக்கு மறுபடியும் பேச வரவில்லை. அவர் அவசரப்படுத்தவில்லை. ஒரு பென்சிலை எடுத்து அதன் முனையைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் பேசும்வரை பார்க்கத் தயாராக இருந்தார் என்றே தோன்றியது.

"எங்கப்பா... வெள்ளைத் தாள்ல ரேகை வெச்சாருங்க," என்றேன். அப்புறம் காரியக்காரர் வந்தது, தாசில்தார் படித்தது, நிலம் போனது, அத்தை சொன்னது எல்லாம் எப்படியோ வெளியே வந்தது. என் குரல் எனக்கே யாரோ பேசுகிறமாதிரி கேட்டது.

அவர் முழுக்கக் கேட்டார். பிறகு சொன்னார். "உங்க அப்பா விஷயத்துல என்னால ஒண்ணும் செய்ய முடியாது. அதுக்காக இதுல சலுகையும் காட்ட முடியாது. எண்ணு திருத்தப்பட்டுச்சா இல்லையா, அதை மட்டும்தான் நான் பார்க்கணும்."

என் முகம் தொங்கிப்போயிற்று. ஆனால் அவர் மணியடித்து மை அட்டையைக் கொண்டுவரச் சொன்னார். ஒரு வெள்ளைத் தாளில் பேனாவால் 28 என்று எழுதினார். அத்தையிடம் நகர்த்தினார்.

"நீங்க வைக்கிற மாதிரியே வைங்கம்மா."

அத்தை வைத்தது. மை காயட்டும் என்று காத்திருந்தார். பிறகு தாளையும் தன் பேனாவையும் செயற்பொறியாளரிடம் கொடுத்தார். "இதை முப்பத்தெட்டாக்குங்க."

அவர் இரண்டை மூன்றாக்கப் பார்த்தார். ரேகையின் மை மேல் பேனா மை பிடிக்காமல் பரவியது. இன்னொரு தடவை இழுத்தார். ரேகைக் கோடுகளைக் குறுக்கே அறுத்துக்கொண்டு அந்த மூன்று தனியாகத் துருத்திக்கொண்டு நின்றது. பார்வை மங்கியவனுக்கும் தெரியும்.

பிறகு ஐயா வரைபடம் பார்க்கும் பூதக்கண்ணாடியை எடுத்தார். எங்கள் படிவத்தை ஜன்னலோரம் கொண்டுபோய் நெடுநேரம் பார்த்தார். கண்ணாடியைக் கான்டிராக்டரிடம் கொடுத்தார்.

"என்ன எண்ணுன்னு பார்த்துச் சொல்லுங்க."

"ஒண்ணும் தெரியலை சார்."

செயற்பொறியாளரிடம் கொடுத்தார். தள்ளுபடி என்று எழுதச் சொன்னவர் இவர்தான். தெரியவில்லை என்று இவரும் சொன்னால் எங்கள் பாடு முடிந்தது. அவர் குனிந்து பார்த்தார். நிமிர்ந்தார். மறுபடி குனிந்தார்.

"இருபத்தெட்டு சார்," என்றார். "எழுத்துலயும் இருபத்தெட்டுன்னுதான் இருக்கு. கோடு ரேகைக்கு அடியிலதான் போகுது. அன்னைக்கு நான் சரியாப் பார்க்கலை."

அவர் மேல் நான் வைத்திருந்த கோபமெல்லாம் அந்த நிமிடத்தில் போயிற்று. தன் தப்பைத் தன் மேலதிகாரி முன்னால் ஒப்புக்கொள்ள எத்தனை பேருக்கு மனம் வரும்?

"ஒரு ரேகை போதாதாம்மா? ஒன்பது எதுக்கு?" என்று ஐயா அத்தையைக் கேட்டார்.

"ஒருத்தரை மிரட்ட ஒரு நாழி போதுங்க. ஒன்பது பேரை மிரட்ட நாளாகுங்க. அதுக்குள்ள சேதி தெரிஞ்சுரும்."

அவர் முதல் தடவையாகச் சிரித்தார். "சரி. அடுத்த தடவை எண்ணு மேல மட்டும் வைங்க. எழுத்துல எழுதுற எடத்தைச் சும்மா விடுங்க. படிக்கிறவனுக்கும் ஒரு வழி வேணும்ல?"

"எழுத்தை மாத்திட்டா?"

"எண்ணு காட்டிக் குடுத்துரும்."

அத்தை யோசித்துவிட்டு, "அதுவும் சரிதாங்க" என்றது. இன்றுவரை சங்கம் அப்படித்தான் செய்கிறது.

அங்கேயே உத்தரவு எழுதினார். படிவத்தில் திருத்தம் எதுவும் இல்லை, ஆகவே சுருக்கொப்பம் தேவையில்லை, விலை படிக்கும்படி உள்ளது, முந்தைய ஒப்புதல் ரத்து, குறைந்த விலை கேட்ட சங்கத்துக்கே வேலை. எழுதி முடித்துப் படித்துக் காட்டினார். எங்களுக்கு ஒரு பிரதி தட்டச்சு செய்து கையில் கொடுக்கும்வரை எங்களைப் போக விடவில்லை. நான் கும்பிட்டேன். நன்றி என்று சொல்ல வாய் வரவில்லை. அடுத்த வருடமே அவருக்கு மாற்றல் ஆகிவிட்டது. எந்த ஊரில் இருக்கிறாரோ, இருக்கிறாரோ இல்லையோ, தெரியாது. அன்று சொல்லாமல் விட்ட நன்றியை இந்தத் தாளில் வைக்கிறேன். சைக்கிள் பக்கத்தில் குனிந்து பேசிய எழுத்தருக்கும், மறுபடி குனிந்து பார்த்த செயற்பொறியாளருக்கும் அதே நன்றி.

திங்கட்கிழமை காலையில் தலைப்பு மதகில் வேலை தொடங்கியது. பெயர் கூப்பிட்டு ஆட்களை வாய்க்காலுக்குள் இறக்கிக்கொண்டிருந்தேன். எதிர்க்கரையில் பதினோரு பேர் மண்வெட்டியோடு நின்றார்கள். கிட்டே வரவில்லை. போகவும் இல்லை. எங்கள் ஆட்களில் சிலர் அவர்களுக்குக் கேட்கும்படியே பேசினார்கள்.

"கொடி வேணாம்னு போனவங்க, கூலிக்கு மட்டும் வர்றாங்கடா."

"மோட்டார் சைக்கிள்ல ஏத்திக்கிட்டுப் போகலையா மாப்ள?"

ரத்தினம் மட்டும் வாய்க்காலுக்குள் இறங்கி, குறுக்கே நடந்து என் முன்னால் வந்தான். என்னை நிமிர்ந்து பார்க்கவில்லை.

"பேரை வெட்டிட்டேன் மச்சான். மறுபடி சேர்த்துக்க விதி இருக்கா?"

எல்லோரும் என்னையே பார்த்தார்கள். கூட்டம் போட்டு முடிவு செய்யலாம் என்று சொல்லித் தப்பித்திருக்கலாம். கூச்சக்காரனுக்கு அதுதான் எப்போதும் வழி.

"பேரை வெட்டினது நம்ம நோட்டுல," என்றேன். "உன் ரேகை சர்க்கார் கோப்புல இருபத்தெட்டு மேல உட்கார்ந்திருக்கு. அதை யாராலயும் வெட்ட முடியாதுன்னு வியாழக்கிழமைதான் தீர்ப்பாச்சு. எறங்கு."

யாரோ சிரித்தார்கள். பிறகு எல்லோரும். ரத்தினம் எதிர்க்கரையைப் பார்த்துக் கையை அசைத்தான். மீதிப் பத்துப் பேரும் இறங்கினார்கள். நான் நோட்டைப் பிரித்துப் பதினோரு பெயரையும் எழுதினேன்.

எழுதி முடித்தது: ஆடி மாதம் பத்தொன்பது, செவ்வாய்க்கிழமை.